பண்டிகை வாரத்தில் ஆள் தேடுவது

வீடுகளையும் சிறு அலுவலகங்களையும் சுத்தம் செய்து தரும் ‘கிளீனிங் சர்வீஸ்’ பல, சென்னை போன்ற நகரங்களில் ஒரு முதலாளியும் நான்கைந்து நிரந்தர ஆட்களுமாக நடப்பவை. ஒரு வாக்யூம் கிளீனர், தரை தேய்க்கும் மெஷின், இரண்டு ஏணி, ஒரு லோடு ஆட்டோ. ஆண்டின் பெரும்பகுதிக்கு இது போதும். ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி வரைக்கும், போகிக்கு முந்தைய பத்து நாளும், ஆவணியிலும் தையிலும் கிரகப்பிரவேசங்கள் வரிசைகட்டும் போதும் வேலை இரட்டிப்பாகிவிடும். அப்போது எக்ஸ்ட்ரா ஆள் இல்லாமல் சமாளிக்க முடியாது. ஆனால் ஆள் கிடைப்பது மிகக் கடினமாக இருப்பதும் அந்த நாட்களில்தான்.

வாடிக்கையாளர் வீட்டுக்கு வரும் பண்டிகை, சுத்தம் செய்ய வருபவர் வீட்டுக்கும் வருகிறது. பொங்கல் நெருங்கினால் தென்மாவட்டத்துக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பீகாரிலிருந்து வந்தவர்களுக்குத் தீபாவளியைவிட அதற்கு ஆறாம் நாள் வரும் சத் பூஜை பெரிது. அதற்கான ரயில் டிக்கெட்டை இரண்டு மாதம் முன்பே எடுத்துவிடுகிறார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கோ தங்கள் வீட்டு வேலையே குவிந்து கிடக்கும். ஆகையால் ஆளைத் தேட வேண்டிய காலம் பண்டிகை வாரம் அல்ல, அதற்கு ஒன்றரை மாதம் முன்பு. யார் எந்தத் தேதியில் ஊருக்குப் போகிறார்கள், யார் இங்கேயே இருக்கிறார்கள் என்று அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளும் முதலாளி, கடைசி நேரத்தில் போனும் கையுமாக அலைவதில்லை. தீபாவளிக்கு ஊர் போகிறவரும் கிறிஸ்துமஸுக்கோ ரம்ஜானுக்கோ லீவு கேட்கிறவரும் கலந்த பட்டியலாக இருந்தால் ஒரே வாரத்தில் எல்லோரும் இல்லாமல் போகும் நிலை வராது.

அதிகாலையில் கட்டட வேலைக்காக ஆட்கள் கூடி நிற்கும் முனைகள் எல்லா ஊர்களிலும் உண்டு. அங்கிருந்து கூட்டிவருவது சுலபம். புதுக் கட்டடத்தில் சிமென்ட் கறை சுரண்டவும் குப்பை இறக்கவும் அவர்கள் ஏற்றவர்கள். ஆனால் குடும்பம் வசிக்கும் வீட்டுக்குள், அன்று காலைதான் முதன்முதலாகப் பார்த்த ஒருவரை அனுப்புவது அவருக்கும் சங்கடம், வீட்டுக்காரருக்கும் சங்கடம். ஆள் சப்ளை ஏஜென்ட் மூலம் எடுத்தால் எண்ணிக்கை உறுதி. ஆனால் ஏஜென்ட் வாங்கும் தொகையில் வேலை செய்பவர் கைக்குப் போவது எவ்வளவு என்று முதலிலேயே கேட்டாக வேண்டும். பாதிச் சம்பளத்தைக் கமிஷனுக்கு இழந்து வருகிறவரிடம் அக்கறையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஏற்கெனவே வேலை செய்பவர்களின் உறவும் அக்கம்பக்கமும்தான் நல்ல வழி. நிரந்தர ஆள் ஒருவர் தன் நாத்தனாரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ அழைத்து வந்தால், அவர் நடத்தைக்கும் வருகைக்கும் அழைத்து வந்தவரின் மானம் பொறுப்பாகிறது. இதற்கு அடுத்தபடியாக மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சொல்லலாம். மாதந்தோறும் கூடிச் சேமிப்பும் கடனும் கணக்குப் பார்க்கும் குழுவில், யார் சொன்ன சொல் தவறாதவர் என்பது எல்லோருக்கும் தெரியும். குழுத் தலைவியிடம் பேசினால் ஒருவர் வராத நாளில் இன்னொருவரை அவரே அனுப்பிவைப்பார்.

சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளில், அலுவலக ஹவுஸ்கீப்பிங்கிலும் வீட்டு வேலையிலும் பழகிய பெண்கள் ஏராளம். நகரின் நடுவே நதிக்கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்து, அங்கிருந்து அகற்றப்பட்டு இங்கே குடியேற்றப்பட்ட குடும்பங்கள் இவை. முகவரியைக் கேட்டதும் வேலை இல்லை என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது அநியாயம் மட்டுமல்ல, தொழிலுக்கும் நஷ்டம்: அனுபவமுள்ள கைகளை முகவரிக்காக ஒதுக்கிவிட்டு அனுபவமில்லாதவர்களைத் தேடி அலைவது அதனால்தான் நேர்கிறது.

தூரமும் ஒரு கணக்கு. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரே பேருந்தில் வந்து சேரக்கூடிய இடத்துக்கு ஆளை அனுப்பினால் அவர் வருவதற்கான வாய்ப்பு அதிகம். இரண்டு பேருந்து மாறி, ஷேர் ஆட்டோவும் பிடித்து ஏழு மணிக்கு வரச் சொன்னால் இரண்டாம் நாளே ஆள் குறைவார். போக்குவரத்துச் செலவைக் கூலியோடு கலக்காமல் தனியாகத் தருவது நல்லது.

வராமல் போகும் ஆள் ‘பொறுப்பில்லாதவர்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். விசாரித்தால் காரணங்கள் சாதாரணமானவை. பிள்ளைக்குக் காய்ச்சல், அன்றைக்குத் தண்ணீர் லாரி வரும் முறை, வேறொருவர் ஐம்பது ரூபாய் கூடத் தருவதாகச் சொன்னது. முந்தைய நாள் மாலை ஒரு போன் செய்தால் இவற்றில் பாதி அப்போதே தெரிந்துவிடும். ஐந்து பேர் தேவைப்படும் இடத்துக்கு ஆறு பேரைச் சொல்லிவைப்பவர்கள், ஆறு பேருமே வந்துவிட்டால் ஆறாமவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. முழுக் கூலி தந்து வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம். வாடிக்கையாளர் காலையில் வேலையை ரத்து செய்தால் கிளம்பி வந்தவர்களுக்குப் பாதிக் கூலியாவது தர வேண்டும். அதற்குத் தோதாக வாடிக்கையாளரிடமும் அட்வான்ஸ் வாங்கிக்கொள்வது முறை.

கூலியை அன்றன்றைக்கு மாலையிலேயே கொடுத்துவிட வேண்டும். ‘நாளைக்கு வரும்போது சேர்த்துத் தருகிறேன்’ என்று பிடித்துவைத்து ஆளை வரவழைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஆள் வருவார், அடுத்த சீசனுக்கு வர மாட்டார். ஆதார் அட்டையின் அசலை வாங்கி வைத்துக்கொள்வதும் அப்படித்தான், நகல் போதும். முன்பணம் கொடுத்து அதைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிவைப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம் ஆகலாம். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறுவதால், போன தீபாவளிக்குக் கொடுத்த தொகையை இந்தத் தீபாவளிக்கும் கொடுப்பது சரியாகாது.

புதிதாக வந்தவருக்கு முதல் நாள் கொடுக்கும் வேலையில் நிதானம் வேண்டும். ஒட்டடை அடிப்பது, ஜன்னல் கம்பி துடைப்பது, சமையலறை அலமாரியைக் காலி செய்து அடுக்குவது ஆகியவற்றைப் பழையவர் ஒருவரோடு ஜோடியாகச் செய்யவிடலாம். ஆஸிட், உயர ஏணி, மார்பிள் தரை மூன்றும் அன்றைக்கு வேண்டாம். பாத்ரூம் ஆஸிட் மார்பிளில் பட்டால் பளபளப்பு போய்த் தழும்பு நிற்கும். எலுமிச்சையும் வினிகரும்கூட அதற்கு ஆகாது. அதைவிட ஆபத்து, ஆஸிடையும் பிளீச்சையும் கலப்பது. இரண்டு சேர்ந்தால் இன்னும் நன்றாகக் கறை போகும் என்று நினைத்து ஒரே வாளியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளம்புவது குளோரின் வாயு. காற்றோட்டமில்லாத பாத்ரூமில் அது நுரையீரலைத் தாக்கி உயிரையே எடுத்துவிடும். இதைப் பாட்டிலைக் கையில் கொடுப்பதற்கு முன்பே வாயால் சொல்ல வேண்டும். லேபிளில் எழுதியிருப்பதை எல்லோராலும் படிக்க முடியாது.

‘வந்ததுதான் வந்தீர்கள், அந்த செப்டிக் டேங்கையும் பாருங்கள்’ என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. மனிதரை அதற்குள் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. தினக்கூலிக்கு வந்தவரால் வீட்டுக்காரரிடம் மறுத்துப் பேச முடியாது. மறுக்க வேண்டியவர் முதலாளி. அதையும் வேலை பேசும்போதே சொல்லிவிட வேண்டும். தரைக்கடியில் உள்ள தண்ணீர் சம்புக்கும் எச்சரிக்கை தேவை: மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விடாமல், மேலே ஓர் ஆள் நிற்காமல், யாரையும் இறக்கக் கூடாது.

பொருள் காணாமல் போனால் முதல் சந்தேகம் புது ஆள் மேல்தான் விழும். வேலை தொடங்குமுன் நகையையும் பணத்தையும் வீட்டுக்காரரே பூட்டிவைக்கச் சொல்வது, அறைகளைப் போட்டோ எடுத்துவைப்பது, ஓர் அறைக்கு இரண்டு பேராக அனுப்புவது ஆகியவை வீட்டுக்காரரைப் போலவே வேலைக்கு வந்தவரையும் காக்கும். பையைச் சோதித்து அவமானப்படுத்தும் வீட்டில் முதலாளி தன் ஆளுக்காக நின்று பேசினால் அந்தச் செய்தி அவர் தெரு முழுக்கப் பரவும். பேசாமல் இருந்தாலும் பரவும்.

தற்காலிக ஆள்தானே என்று சட்டம் விட்டுவிடுவதில்லை. வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் கடமை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருகிறது. தற்செயல் வேலையாட்களுக்கு அதில் இருந்த விலக்கு 2000-இல் நீக்கப்பட்டது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வர வேண்டும். பண்டிகைக்குச் சேர்த்த ஆட்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். ஒருமுறை வரம்புக்குள் வந்த நிறுவனம், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது. பதினான்கு வயது நிறையாத பிள்ளையை அம்மாவுக்கு ஒத்தாசையாகக்கூட வேலைக்கு அழைக்கக் கூடாது.

சீசன் முடிந்ததும் பட்டியலை மூடிவைத்தால் அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். மாதம் இரண்டு மூன்று நாளாவது பட்டியலில் உள்ளவர்களை முறைவைத்து அழைப்பது, நிரந்தர ஆள் லீவு எடுக்கும் நாளை முதலில் அவர்களுக்கே தருவது, நிரந்தர இடம் காலியானால் வெளியே தேடுமுன் அவர்களைக் கேட்பது ஆகியவற்றைச் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு ஐப்பசியில் ஆள் தட்டுப்பாடு குறைவு. வீட்டு வேலை செய்வோருக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. மழைக்காலத்து ஓய்வு நாளில் தகுதியுள்ளவர்களை அதில் பதிவு செய்ய உதவினால், பிள்ளைகளின் கல்வி உதவியும் விபத்து உதவியும் அவர்களுக்குக் கிடைக்க வழி பிறக்கும். அதற்கு முதலாளிக்கு ஆகும் செலவு ஒரு நாள் அலைச்சல்தான்.