வயலில் ஓர் இரவு

என் மகளுக்கு எட்டு வயது. பூச்சியைக் கண்டாலே காலால் நசுக்கிவிடுவாள். மருந்தடிக்காத வயலை வைத்துக்கொண்டு, நம்ம வீட்டுலேயே இப்படியா என்று மனசு கேட்கவில்லை. அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு மோட்டார் கொட்டகை முன்னால் ஓர் இரவு தங்கினோம். தாளடி நெல் தூர் கட்டியிருந்த நேரம்.

இருட்டியதும் டார்ச்சைக் கண்ணை ஒட்டி, பார்வைக்கு நேராகப் பிடித்துப் பயிரைப் பார்க்கச் சொன்னேன். பனித்துளி மாதிரி அங்கங்கே பச்சையாக மின்னியது.

"என்னப்பா அது?"

"ஓநாய்ச் சிலந்தியோட கண்ணும்மா. புகையானைப் பிடிச்சுத் தின்னும். நம்ம வயலுக்கு அதுதான் காவல்."

அந்தக் கண்ணுக்குள் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. விழுந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். அதனால்தான் விளக்கு நம் கண்ணருகே இருக்கணும். மகள் எண்ணத் தொடங்கினாள், நாற்பதில் தூங்கிப்போனாள்.

நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க. தரையில் மட்டும் படுக்காதீங்க; கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கயிற்றுக் கட்டிலும், ஓரம் செருகிய கொசுவலையும் கட்டாயம். நடக்கும்போது செருப்பும் விளக்கும் வேணும்.

விடிந்து வீடு திரும்பும்போது வரப்பில் ஒரு சிலந்தி குறுக்கே ஓடியது. மகள் தூக்கிய காலை அப்படியே நிறுத்தி, அது போன பிறகு வைத்தாள்.