விசிறிக்கு ஆணையிடும் கணினி

நுழையும்முன்

மும்பையின் சயான் சந்திப்பிலும் செம்பூர் நாக்காவிலும் வாகனங்கள் நின்று நின்று ஊர்ந்து செல்வது அன்றாடக் காட்சியாகும். அவ்வாறு நிற்கும் மகிழுந்தின் முன்புறத்தில் திடீரென ஒரு விசிறி இரைச்சலுடன் சுழலத் தொடங்கும். சிறிது நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். ஓட்டுநர் எந்தப் பொத்தானையும் அழுத்துவதில்லை. அவ்விசிறியை இயக்குவது எது? எப்போது சுழல வேண்டும் என்பதை அது எவ்வாறு அறிகிறது? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

வெப்பத்தைச் சுமக்கும் நீர்

பெட்ரோலோ இயற்கை எரிவாயுவோ எஞ்சினுக்குள் எரியும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் சக்கரங்களைச் சென்றடைவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. ஏறத்தாழ அதே அளவு வெப்பம் எஞ்சினின் உலோகச் சுவர்களில் ஏறுகிறது. அவ்வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் உலோகம் அளவுக்கு மீறி விரியும். மசகெண்ணெய் தன் தன்மையை இழக்கும். சிலிண்டரின் மேல்மூடி வளையும். இறுதியில் பிஸ்டன்கள் அசையாமல் இறுகிவிடும்.

இதனைத் தடுப்பதற்காக எஞ்சினின் சுவர்களுக்குள் குளிர்விப்பு நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு சிறிய பம்பு அந்நீரைத் தள்ளுகிறது. எஞ்சினில் சூடேறிய நீர், மகிழுந்தின் முன்புறம் உள்ள ரேடியேட்டருக்குச் செல்கிறது. ரேடியேட்டர் என்பது மெல்லிய குழாய்களும், அவற்றை ஒட்டிய நெருக்கமான உலோகத் தகடுகளும் கொண்ட அமைப்பாகும். அத்தகடுகளுக்கிடையே காற்று புகுந்து செல்லும்போது நீரின் வெப்பம் காற்றுக்கு மாறுகிறது. ஆறிய நீர் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது.

மகிழுந்து விரைந்து செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் பாய்கிறது. விசிறிக்கு வேலை இல்லை. கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் தடையின்றி ஓடும் மகிழுந்தின் நிலை இதுவே. அதே மகிழுந்து தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் சிக்கி நிற்கும்போது எதிர்க்காற்று இல்லை. ஆயினும் எஞ்சின் எரிந்துகொண்டே இருக்கிறது. அந்நேரத்தில் காற்றை இழுத்துத் தரும் பொறுப்பு விசிறியைச் சேர்கிறது.

பட்டையால் சுழன்ற விசிறி

மும்பையின் அடையாளமாகப் பல்லாண்டுகள் விளங்கிய டாக்சி பிரீமியர் பத்மினி ஆகும். வால்சந்த் ஹிராசந்த் 1944ஆம் ஆண்டு நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், தாராவிக்கும் செம்பூருக்கும் அண்மையிலுள்ள குர்லாவில் தன் தொழிற்சாலையை நடத்தியது. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தின் வடிவமைப்பைக் கொண்டு அங்கு உருவான மகிழுந்தே பின்னாளில் பத்மினி என்னும் பெயரைப் பெற்றது. கறுப்பும் மஞ்சளும் பூசப்பட்ட அவ்வண்டிகள் நகரெங்கும் ஓடின. கடைசி பத்மினி டாக்சி 2003ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. மும்பையில் டாக்சிகளுக்கு 20 ஆண்டுகளே வயது வரம்பு. ஆதலால் 2023ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பத்மினி டாக்சிகளின் காலம் முடிவுற்றது.

பத்மினியில் எஞ்சின் நீளவாக்கில் அமைந்திருந்தது. எஞ்சினின் சுழற்சியை ஒரு ரப்பர் பட்டை விசிறிக்குக் கடத்தியது. எளிய அமைப்பு, மின்கம்பி இல்லை, சுவிட்சு இல்லை. ஆனால் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. எஞ்சின் விரைந்து சுழன்றால் விசிறியும் விரைந்து சுழலும். எஞ்சின் மெல்லச் சுழன்றால் விசிறியும் மெல்லச் சுழலும். நெரிசலில் வண்டி நிற்கும்போது எஞ்சினின் சுழற்சி மிகக் குறைவு. எனவே காற்று மிகுதியாகத் தேவைப்பட்ட நேரத்தில் விசிறி சோம்பியது. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே போதுமாக இருந்தபோது அது வேகமாகச் சுழன்று எஞ்சினின் ஆற்றலை வீணாக்கியது. விசிறி எஞ்சினின் வேகத்துக்குக் கட்டுப்பட்டதே அன்றி, வெப்பத்துக்குக் கட்டுப்படவில்லை.

சுவிட்சால் சுழன்ற விசிறி

1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. இதன் எஞ்சின் குறுக்குவாக்கில் பொருத்தப்பட்டு, முன்சக்கரங்களை இயக்கியது. குறுக்கே அமைந்த எஞ்சினின் பட்டை வண்டியின் பக்கவாட்டில் இருக்கும். ரேடியேட்டரோ முன்னே இருக்கும். ஆகவே, பட்டையால் விசிறியைச் சுழற்றுவது கடினம். இத்தகைய மகிழுந்துகளில் விசிறிக்குத் தனி மின்மோட்டார் அமைந்தது.

மின்மோட்டாரை இயக்க முதலில் பயன்பட்டது வெப்பச் சுவிட்சு. நீரின் வெப்பம் குறிப்பிட்ட அளவை எட்டியதும் அச்சுவிட்சு மூடிக்கொள்ளும், மின்சாரம் பாயும், விசிறி சுழலும். நீர் ஆறியதும் சுவிட்சு திறந்துகொள்ளும். விசிறி இப்போது வெப்பத்துக்குக் கட்டுப்பட்டது. இருப்பினும் அச்சுவிட்சுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வண்டி நிற்கிறதா ஓடுகிறதா, குளிர்சாதனம் இயங்குகிறதா என்பன அதற்குத் தெரியா. சுவிட்சு பழுதடைந்தாலோ விசிறி ஓசையின்றி நின்றுவிடும்.

கணினி வந்தது

2000, 2001ஆம் ஆண்டுகளில் தில்லி, மும்பை முதலிய பெருநகரங்களில் வாகனப் புகைக்குக் கடுமையான வரம்புகள் விதிக்கப்பட்டன. பழைய கார்புரேட்டரால் எரிபொருளை அவ்வளவு துல்லியமாக அளந்து தர இயலவில்லை. அதன் இடத்தை எரிபொருள் தெளிப்பான்கள் பிடித்தன. எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதைக் கணக்கிட எஞ்சின் கணினி வந்தது.

குளிர்ந்த எஞ்சினுக்கு எரிபொருள் சற்று மிகுதியாகவும், சூடான எஞ்சினுக்குக் குறைவாகவும் தேவை. ஆகவே, கணினிக்கு நீரின் வெப்பநிலை எப்போதும் தெரிந்தாக வேண்டும். அதே தகவலைக் கொண்டு விசிறியையும் ஆளலாம் அன்றோ? இவ்வாறுதான் விசிறியும் கணினியின் பொறுப்பில் வந்தது.

அறிதல்: குளிர்விப்பு நீர்ப்பாதையில் ஒரு சிறிய வெப்ப உணரி பொருத்தப்பட்டிருக்கும். வெப்பம் ஏற ஏற இதன் மின்தடை குறையும். பல மகிழுந்துகளில் 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2500 ஓமாக இருக்கும் தடை, 100 டிகிரியில் 200 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். கணினி 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு நிலையான தடையின் வழியே உணரிக்கு அனுப்புகிறது. உணரியின் தடை குறையும்போது அங்கு அளக்கப்படும் மின்னழுத்தமும் குறைகிறது. அந்த எண்ணைக் கணினி வெப்பநிலையாக மாற்றி அறிகிறது.

முடிவெடுத்தல்: ஒரு மகிழுந்தில் 98 டிகிரியில் விசிறியை இயக்கவும், 93 டிகிரியில் நிறுத்தவும் கணினிக்குக் கட்டளை உள்ளது எனக் கொள்வோர், இவ்விரு எண்களுக்கும் இடைவெளி ஏன் என வினவலாம். இரண்டும் 98 ஆகவே இருந்தால், வெப்பம் சிறிது ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் விசிறி தொடங்கி நிற்கும். மோட்டார் விரைவில் தேயும். இடைவெளி அத்தடுமாற்றத்தைத் தடுக்கிறது. குளிர்சாதனம் இயங்கும்போது, ரேடியேட்டருக்கு முன்னுள்ள அதன் குழாய்த்தொகுதிக்கும் காற்று தேவை. ஆதலால் நீர் சூடேறும்வரை காத்திராமலே கணினி விசிறியைச் சுழற்றுகிறது. வண்டி விரைந்து ஓடினால், எதிர்க்காற்றே போதும் என விசிறியை நிறுத்தி வைக்கவும் கணினியால் இயலும்.

செயற்படுத்தல்: விசிறியின் மோட்டாருக்கு 10 ஆம்பியரும் அதற்கு மேலும் மின்னோட்டம் தேவைப்படும். கணினியின் நுண்ணிய மின்சுற்றால் அதைத் தாங்க இயலாது. எனவே இடையில் ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சு அமைகிறது. கணினி தரும் சிறிய மின்னோட்டம் ரிலேயின் கம்பிச்சுருளைக் காந்தமாக்கும். அக்காந்தம் தொடுமுனைகளை இழுத்து இணைக்கும். மின்கலத்திலிருந்து பெரிய மின்னோட்டம் மோட்டாருக்குப் பாயும். புதிய மகிழுந்துகள் சிலவற்றில் மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டு அளித்து, விசிறியின் வேகத்தையும் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கின்றனர்.

கணினி ஐயுறும்போது

உணரியின் கம்பி அறுந்துவிட்டால் என்ன நிகழும்? மின்னோட்டம் பாய வழியில்லாமையால் கணினி முழு 5 வோல்ட்டையும் காணும். அது உறைபனியினும் கொடிய குளிரைக் குறிக்கும் எண்ணாகும். மே மாத மும்பையில் அத்தகைய குளிர் இருக்க இயலாது. எனவே நன்கு வடிவமைக்கப்பட்ட கணினி அவ்வெண்ணை நம்புவதில்லை. அது ஓட்டுநரின் முன் எச்சரிக்கை விளக்கை ஏற்றுகிறது. விசிறியை இடைவிடாது சுழற்றுகிறது. வெப்பம் தெரியாத நிலையில் வீணாகச் சுழல்வது சிறு இழப்பு; சுழலாமல் நிற்பது பேரிழப்பு. கணினிக்கு இக்கட்டளையை எழுதிய பொறியாளர்கள் இவ்விரண்டில் சிறிய இழப்பையே தேர்ந்தனர்.

எனினும் கணினியின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. ஃபியூசு எரிந்திருந்தாலோ, ரிலே பழுதாகியிருந்தாலோ, மோட்டார் தேய்ந்திருந்தாலோ ஆணை பிறக்கும், விசிறி சுழலாது. பல மகிழுந்துகளில் விசிறி உண்மையில் சுழன்றதா என்பதைக் கணினி நேரடியாக அறிவதில்லை. அப்போது ஓட்டுநரின் கண்ணே காவல். வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கினால் குளிர்சாதனத்தை நிறுத்தி, வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி, எஞ்சினை அணைத்துவிட வேண்டும். 'இன்னும் சிறிது தூரம்தானே' என ஓட்டிச் செல்பவரின் எஞ்சின் பழுதாகலாம். டாக்சி ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்கு, வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இழந்த நாளாகும்.

பழுது பார்ப்பவர் சிலர், விசிறி சுழலாவிடில் கணினியைத் தவிர்த்து, சாவியைத் திருப்பியதும் விசிறி சுழலுமாறு நேரடியாகக் கம்பி இணைப்பதுண்டு. அவசரத்துக்கு அது வண்டியை வீடு சேர்க்கும். ஆனால் அதுவே நிலையான தீர்வாகாது. மோட்டார் விரைவில் தேயும், மின்சாரம் வீணாகும், உண்மையான பழுது மறைந்தே கிடக்கும். தேர்ந்த தொழிலாளர் முதலில் குளிர்விப்பு நீரின் அளவைப் பார்ப்பார். பின் ஃபியூசு, ரிலே, மோட்டார், உணரி என ஒவ்வொன்றாகச் சோதிப்பார். கணினி பதிவு செய்து வைத்துள்ள பழுதுக்குறியையும் கருவி கொண்டு படிப்பார். ஓசையையும் சூட்டையும் கொண்டு பழுதை அறிந்த பழைய அனுபவத்தோடு, கணினியின் குறியைப் படிக்கும் புதிய கல்வியும் இன்று அவருக்குத் தேவைப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

ரேடியேட்டரின் மூடி பிரஷர் குக்கரைப் போன்றே செயற்படுகிறது. மூடிய கலத்தில் அழுத்தம் கூடும்போது நீரின் கொதிநிலை உயரும். வெளிக்காற்றைப் போல் இருமடங்கு அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென நீங்க, நீர் கொதித்துப் பீறிடும். கையும் முகமும் வெந்துபோகும். எனவே எஞ்சின் நன்கு ஆறும்வரை மூடியைத் தொடலாகாது. சில மகிழுந்துகளில் எஞ்சினை அணைத்த பின்னும் விசிறி சுழலும். ஆதலால் நின்றிருக்கும் விசிறியின் அருகிலும் கை நீட்டலாகாது.

சொல்லும் பொருளும்

மகிழுந்து – கார்
மசகெண்ணெய் – உராய்வைக் குறைக்கும் எண்ணெய்
உணரி – வெப்பம், ஒளி முதலியவற்றை அறிந்து தெரிவிக்கும் கருவி
மின்தடை – மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை
மின்கலம் – பேட்டரி
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பத்மினியின் விசிறி ________ பட்டையால் சுழன்றது.
2. வெப்பம் ஏறும்போது உணரியின் மின்தடை ________.
3. சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்க உதவுவது ________.

ஆ. பிரித்து எழுதுக.
அவ்வெப்பம், எதிர்க்காற்று, பேரிழப்பு, மசகெண்ணெய்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நெரிசலில் பத்மினியின் விசிறி ஏன் போதிய காற்றைத் தரவில்லை?
2. விசிறி தொடங்கும் வெப்பநிலையும் நிற்கும் வெப்பநிலையும் ஏன் வேறுபடுகின்றன?
3. உணரியின் கம்பி அறுந்தால் கணினி விசிறியை ஏன் இடைவிடாது சுழற்றுகிறது?

ஈ. சிந்தித்து எழுதுக.
வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி ஆகியனவும் தாமாகவே இயங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அது எதனை அறிகிறது, எப்போது நிற்கிறது என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.

உ. செயல்பாடு
உறவினருள் அல்லது அண்டை வீட்டாருள் வாகனம் ஓட்டுபவர் ஒருவரிடம், எஞ்சின் சூடேறினால் அவர் என்ன செய்வார் எனக் கேட்டறிக. அவர் கூறியதை இப்பாடத்தின் செய்திகளோடு ஒப்பிட்டு வகுப்பில் பேசுக.