300 புத்தகங்களில் ஒன்று: சுயபதிப்பு ஃபேன்டஸி நாவல்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

சின்ன ஊர்ப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியருக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகிறது. தேனிலவுக்கு அவர் மனைவியை அழைத்துப் போகும் இடம், மேகத்துக்கு மேலே நீளும் ஒரு பிரம்மாண்ட கோபுரம். அதன் அடிவாரச் சந்தையில் அப்படி ஒரு கூட்டம். ஒரு நிமிடம் கவனம் சிதறுகிறது; மனைவியைக் காணவில்லை. அவரைத் தேடி அந்த வாத்தியார் கோபுரத்தின் ஒவ்வொரு அடுக்காக ஏறத் தொடங்குகிறார்.

இது அமெரிக்க எழுத்தாளர் ஜோசையா பான்கிராஃப்ட் எழுதிய 'சென்லின் அசெண்ட்ஸ்' நாவலின் தொடக்கம். 2013-ல் அவரே சொந்தமாக வெளியிட்டார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2016-ல் சுயபதிப்பு நாவல்களுக்கான ஒரு போட்டிக்கு அனுப்பினார். அங்கேயும் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. பொதுவாக இத்தோடு கதை முடிந்துவிடும்.

ஆனால், போட்டியை நடத்தியவர் அந்தப் புத்தகத்தைப் படித்தார். பிடித்துப்போனது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். பிறகு ஆர்பிட் என்கிற பெரிய பதிப்பகம் அதை வாங்கி, 2018-ல் மறுபடியும் வெளியிட்டது. நான்கு பாகங்களாக வளர்ந்த அந்தத் தொடர் 2021-ல் நிறைவடைந்தது.

ஒரு நல்ல புத்தகம் கிட்டத்தட்ட தொலைந்தே போயிருக்கும். சரி, இப்படித் தொலையும் மற்ற புத்தகங்களை வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பது?

சுயபதிப்பு என்றால் என்ன?

பதிப்பகம் இல்லாமல், எழுத்தாளரே புத்தகத்தை வெளியிடுவதுதான் சுயபதிப்பு. பிழை திருத்துபவர், அட்டை வரைபவர் எல்லோருக்கும் பணம் கொடுப்பது எழுத்தாளரின் பொறுப்பு. விலையையும் அவரே முடிவு செய்வார். அமேசான் 2007-ல் கிண்டில் கருவியோடு சேர்த்து சுயபதிப்பு வசதியையும் தொடங்கியது. அதற்குப் பிறகு இது வேகமெடுத்தது.

எழுத்தாளர்கள் இந்தப் பக்கம் வருவதற்குக் காரணம் எளிமையானது. அமெரிக்கச் சந்தையில் 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை விலை வைக்கும் இ-புக்குக்கு, கிண்டிலில் 70 சதவீதம் வரை ராயல்டி கிடைக்கும். பெரிய பதிப்பகங்களில் இ-புக்குக்கு நிகர வருவாயில் 25 சதவீதம் என்பதுதான் வழக்கம். பதிப்பகத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கவும் தேவையில்லை.

இதில் சிக்கலும் இங்கேயேதான் இருக்கிறது. வாசலில் காவலாளி இல்லை என்றால் நல்லவரும் வருவார், அரைகுறையும் வரும். தேர்ந்தெடுக்கும் வேலை முழுக்க வாசகர் தலையில் விழுகிறது.

ஃபேன்டஸியில் மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம்?

முதல் காரணம், தொடர். ஃபேன்டஸி வாசகருக்கு ஒரு புத்தகம் போதாது. ஐந்து, பத்து பாகங்கள் வேண்டும். பதிப்பகங்களில் ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வருடமாவது ஆகும். முதல் பாகம் விற்கவில்லை என்றால் தொடரையே நிறுத்திவிடுவதும் உண்டு. சுயபதிப்பாளர் தன் வேகத்தில் எழுதலாம். வில் வைட் எழுதிய 'கிரேடில்' தொடர் 2016-ல் தொடங்கி 2023-ல் 12 பாகங்களோடு முடிந்தது. அத்தனையும் அவரே வெளியிட்டவை.

இரண்டாவது காரணம், வித்தியாசமான கதைக்கரு. வீடியோ கேம் மாதிரி லெவல், ஸ்கோர் எல்லாம் கதைக்குள்ளேயே வரும் 'லிட்ஆர்பிஜி' வகையைப் பெரிய பதிப்பகங்கள் நெடுநாள் தொடவே இல்லை. மாட் டின்னிமன் எழுதிய 'டஞ்சன் கிராலர் கார்ல்' அந்த வகைதான். 2020-ல் சுயபதிப்பாக வந்து ரசிகர்களைச் சேர்த்த பிறகு, 2024-ல் ஒரு பெரிய பதிப்பகம் அதை அச்சில் கொண்டுவந்தது.

டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜெண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' இன்னொரு ரகம். போரும் ரத்தமும் அலுத்துப்போன ஓர் அரக்க வீராங்கனை, வாளை ஓரமாக வைத்துவிட்டு காபிக்கடை திறக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆடியோபுக் வாசிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த பால்ட்ரீ, 2022 பிப்ரவரியில் இதைச் சொந்தமாக வெளியிட்டார். அதே ஆண்டு டோர் பதிப்பகம் வாங்கிக்கொண்டது. பிறகு ஹியூகோ, நெபுலா என இரண்டு பெரிய விருதுகளின் இறுதிப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

அந்தப் போட்டி எப்படி நடக்கிறது?

பான்கிராஃப்ட் கலந்துகொண்ட போட்டியின் பெயர் 'செல்ஃப்-பப்ளிஷ்டு ஃபேன்டஸி பிளாக்-ஆஃப்'. சுருக்கமாக எஸ்பிஎஃப்பிஓ. பிரபல ஃபேன்டஸி எழுத்தாளர் மார்க் லாரன்ஸ் 2015-ல் இதைத் தொடங்கினார்.

கணக்கு ரொம்ப சிம்பிள். மொத்தம் 300 புத்தகங்கள். புத்தக விமர்சனம் எழுதும் 10 குழுக்கள். ஒரு குழுவுக்கு 30 புத்தகங்கள். ஒவ்வொரு குழுவும் தன் 30-லிருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இப்படி வரும் 10 புத்தகங்களை எல்லாக் குழுக்களும் படித்து, பத்துக்கு மதிப்பெண் போடும். சராசரி அதிகம் எடுத்தது வெற்றி. முழுச் சுற்றும் முடியக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும்.

வாசகருக்கு இதில் என்ன லாபம்? இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் பத்து தனித்தனி மதிப்பீடுகள் கிடைக்கின்றன. ஒரு குழு 9 கொடுத்த புத்தகத்துக்கு இன்னொரு குழு 5 கொடுத்திருக்கும். எந்தக் குழுவின் ரசனை உங்களோடு ஒத்துப்போகிறது என்று இரண்டு மூன்று புத்தகங்களிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் குழு சொல்வதைப் பின்தொடர்ந்தால் போதும்.

வெற்றி பெற்றவற்றில் மூன்று:

* தி கிரே பாஸ்டர்ட்ஸ் (ஜொனாதன் ஃபிரெஞ்ச்): இரண்டாவது போட்டியின் வெற்றியாளர். ராட்சதப் பன்றிகள் மீது சவாரி செய்யும் முரட்டுக் கும்பலின் கதை. பிறகு பெரிய பதிப்பகங்கள் வழியாக 2018-ல் வந்தது. கெட்ட வார்த்தைகள் ஆகாதவர்கள் தவிர்க்கலாம்.

* ஆர்கனாமிக்ஸ் (ஜே. சக்கரி பைக்): நான்காவது போட்டியின் வெற்றியாளர். அரக்கர்களைக் கொன்று எடுக்கும் புதையலில் முதலீட்டாளர்கள் பங்கு வாங்கி விற்கும் ஓர் உலகம். ஷேர் மார்க்கெட் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே படிப்பார்கள்.

* தி சோர்ட் ஆஃப் கைகென் (எம்.எல். வாங்): ஐந்தாவது போட்டியின் வெற்றியாளர். ஒருகாலத்தில் வாளேந்திச் சண்டையிட்ட ஒரு பெண், அதையெல்லாம் புதைத்துவிட்டு மனைவியாக, தாயாக வாழ்கிறாள். போர் அவள் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஜப்பானிய மரபின் சாயல் கொண்ட கதைக்களம். முதல் பாதி மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பான்கிராஃப்ட் அனுபவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. இறுதிச் சுற்றுக்கு வராத 290 புத்தகங்கள் எல்லாமே சுமார் ரகம் என்று அர்த்தமில்லை. முதல் சுற்றில் "பிடித்தது, ஆனால் ஒன்றைத்தானே தேர்ந்தெடுக்க முடியும்" என்று குழுக்கள் வருத்தத்தோடு எழுதும் குறிப்புகளையும் பாருங்கள். புதையல் அங்கேதான் கிடக்கும்.

அறிவியல் புனைகதைக்கும் இதேபோன்ற போட்டி 2021-ல் தொடங்கப்பட்டது. ஆரம்பித்தவர் ஹியூ ஹோவி. ஆப்பிள் டிவியில் வந்த 'சைலோ' தொடர், அவர் 2011-ல் சொந்தமாக வெளியிட்ட 'வூல்' கதையிலிருந்து உருவானதுதான்.

வாராவாரம் தொடர்கதை

அடுத்த வழி, இணையத் தொடர்கள். வார இதழில் தொடர்கதை படித்து, "அடுத்து என்ன ஆச்சு?" என்று அடுத்த இதழுக்குக் காத்திருந்த அனுபவம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு. அதே விஷயம் இப்போது 'ராயல் ரோடு' போன்ற தளங்களில் ஆங்கிலத்தில் நடக்கிறது. எழுத்தாளர்கள் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போடுவார்கள். இரண்டு அத்தியாயம் முன்கூட்டியே படிக்க வேண்டுமா? பேட்ரியான் தளத்தில் மாதச் சந்தா கட்டலாம். இதில் சந்தாதான் எழுத்தாளரின் சம்பளம்.

'தி வாண்டரிங் இன்' என்ற தொடர் 2016-லிருந்து இப்படித்தான் வருகிறது. ஒரு கோடிச் சொற்களைத் தாண்டிவிட்டது. மெட்ரோவிலும் பஸ்ஸிலும் தினமும் அரை மணி நேரம் படிப்பவருக்குப் பல மாதத்துக்குக் கவலையில்லை.

ஒரு எச்சரிக்கை: ராயல் ரோட்டில் நீங்கள் பாதி படித்த கதை ஒருநாள் காணாமல் போகலாம். அதற்குக் காரணம் 'கிண்டில் அன்லிமிடெட்'. இந்த மாதச் சந்தாத் திட்டத்தில் ஒரு இ-புக்கைச் சேர்த்தால், 90 நாள் ஒப்பந்தக் காலத்தில் அது இணையத்தில் வேறெங்கும் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் எழுத்தாளர் பழைய அத்தியாயங்களை நீக்கிவிடுவார். வாசகர்கள் எத்தனை பக்கம் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அவருக்குப் பணம் வரும்.

கிண்டில் அன்லிமிடெட் 2015-லிருந்து இந்தியாவிலும் இருக்கிறது. 2016 முதல் தமிழ் இ-புக்குகளையும் கிண்டில் ஆதரிக்கிறது. ஆகவே, தமிழில் சொந்தமாக வெளியிடும் எழுத்தாளர்களைத் தேடவும் இதே வழிகள் உதவும்.

வாங்கும் முன் ஐந்து சோதனைகள்

1. சாம்பிள் படியுங்கள்: கிண்டிலில் பொதுவாகப் புத்தகத்தின் முதல் 10 சதவீதம் இலவசம். முதல் பத்துப் பக்கத்தில் எழுத்துப்பிழை கண்ணை உறுத்தினால், மீதியிலும் உறுத்தும்.

2. மூன்று ஸ்டார் விமர்சனங்களைப் பாருங்கள்: ஐந்து ஸ்டாரில் நண்பர்களின் பாசமும், ஒரு ஸ்டாரில் கோபமும் கலந்திருக்கலாம். நடுவில் இருப்பவர்கள்தான் நிறை, குறை இரண்டையும் நிதானமாகச் சொல்வார்கள்.

3. தொடர் முடிந்ததா? முதல் பாகம் வந்து ஐந்து வருடமாக இரண்டாம் பாகம் வரவில்லை என்றால், யோசித்து இறங்குங்கள்.

4. உட்பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள்: வெறுமனே 'ஃபேன்டஸி' என்று தேடினால் கடலில் தொலைந்துபோவீர்கள். மனசுக்கு இதமான கதை என்றால் 'கோஸி', இருண்ட கதை என்றால் 'கிரிம்டார்க்', நாயகன் படிப்படியாகப் பலம் பெறும் கதை என்றால் 'புரொகிரஷன்'. சரியான சொல் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

5. எழுத்தாளருக்கு ஒரு முகம் இருக்கிறதா? சொந்த இணையப் பக்கம், முந்தைய புத்தகங்கள், வாசகர்களோடு பேச்சு — இவை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏஐ செய்த குழப்பம்

ஐந்தாவது சோதனை இப்போது முன்பைவிட முக்கியம். ஏஐ உதவியோடு நாளுக்கு நான்கு 'நாவல்' போடுவோர் கிளம்பிவிட்டார்கள். 2023 செப்டம்பரில் அமேசான், ஏஐ உருவாக்கிய உள்ளடக்கத்தைப் பதிப்பிக்கும்போது தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஒரு நாளைக்குப் புதிதாக மூன்று புத்தகங்களுக்கு மேல் வெளியிடவும் கட்டுப்பாடு விதித்தது. ஆனால், எழுத்தாளர் அமேசானிடம் சொல்லும் அந்தத் தகவல் வாசகரின் கண்ணுக்குத் தெரியாது.

எஸ்பிஎஃப்பிஓ-வும் தப்பவில்லை. அதன் துணைப் போட்டியாகச் சிறந்த அட்டைப்படத் தேர்வு நடந்துவந்தது. 2023-ல் முதலிடம் பிடித்த அட்டை ஏஐ மூலம் உருவானது என்று தெரியவந்ததும், அந்த அட்டைப் போட்டியையே லாரன்ஸ் நிறுத்திவிட்டார். மனிதக் கையால் வரைந்து போட்டியிட்ட ஓவியர்களுக்கும் சேர்த்தே கதவு மூடியது.

வாசகர் செய்யக்கூடிய ஒன்று

பெரிய பதிப்பகத்துக்கு விளம்பரம் இருக்கிறது, கடையில் கண்ணில் படும் அலமாரி இருக்கிறது. சுயபதிப்பாளருக்கு அந்த இரண்டும் கிடையாது. முதல் பாகத்துக்கு எழுத்துத் திருத்தம், அட்டை என்று கைக்காசைப் போட்டவர், அது திரும்பி வராவிட்டால் இரண்டாம் பாகத்தை எழுதாமலேயே விடலாம். நீங்கள் ஆவலோடு காத்திருக்கும் முடிவு, ஒருபோதும் வராமல் போகலாம்.

எனவே, ஒரு சுயபதிப்பு நாவல் பிடித்திருந்தால், நான்கு வரியில் ஒரு விமர்சனம் எழுதுங்கள். கதைச் சுருக்கம் தேவையில்லை. எது பிடித்தது, யாருக்குப் பிடிக்கும் என்று மட்டும் சொன்னால் போதும். பான்கிராஃப்டின் புத்தகத்தை மேலே கொண்டுவந்ததும் ஒரு வாசகர் இன்னொருவரிடம் "இதைப் படிச்சுப் பாருங்க" என்று சொன்னதுதான். அந்த வாசகர் பிரபலமானவர் என்பது மட்டுமே வித்தியாசம்.