போத்தலோடு போக வேண்டிய சீட்டு

ஜெலாப்பாங்கிலும் ஈப்போவைச் சுற்றிலும் ரப்பர் தோட்டங்களாக இருந்த நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்து வேலை பார்க்கிறார்கள். எனவே கணினி உலகத்துச் செய்தி ஒன்றை, நமக்குத் தெரிந்த மருந்து ஸ்டோரை வைத்தே இன்று விளங்கிக்கொள்வோம்.

பாராகுவாட் என்னும் புல் மருந்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதுகில் பம்பைச் சுமந்து அதை அடித்தவர்களில் பெண்களே அதிகம். சிறிதளவு உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. அதற்கு முறிமருந்தும் கிடையாது. நமது நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டுள்ளது. அந்த மருந்து வந்த தோம்பில் எச்சரிக்கைச் சீட்டு இல்லாமல் இல்லை. ஆனால் யாராவது அதில் கொஞ்சத்தைக் குளிர்பான போத்தலில் ஊற்றி எடுத்துப்போவார்கள். மருந்து போத்தலுக்குப் போய்விடும். சீட்டு தோம்பிலேயே தங்கிவிடும். குளிர்பானம் என்று எண்ணி அதைக் குடித்துவிட்ட துயரங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அதனால்தான் மருந்து செய்தவர்கள் பிற்பாடு அதில் ஒரு கெட்ட நாற்றத்தையும் வாந்தி வரவழைக்கும் பொருளையும் சேர்த்தார்கள். எழுத்துத் தெரியாதவரையும் மூக்கு எச்சரித்துவிடும் அல்லவா?

இப்போது கணினிக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவு முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லிற்று. இன்று அதன் கையில் கருவிகளையும் கொடுத்திருக்கிறார்கள். பதிவேட்டைத் திறக்கும் கருவி, கடிதம் அனுப்பும் கருவி, கோப்புகளை அழிக்கும் கருவி என்று பல. இப்படி வேலை செய்யும் மென்பொருளை 'முகவர்' என்பார்கள். ஒவ்வொரு கருவியோடும் ஒரு சிறு விளக்கம் எழுதப்பட்டிருக்கும். முகவர் அதைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவு செய்கிறது. அதற்கு மூக்கு இல்லை. எழுத்தே அதற்கு எல்லாம். கனமான கையேட்டில் நூறாவது பக்கத்தில் எச்சரிக்கை இருக்கிறது என்றால், அது தோம்பிலேயே தங்கிவிட்ட சீட்டுதான்.

ஒரு பள்ளிக்கூடத்தின் மாணவர் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். 'பதிவேட்டைச் சுத்தம் செய்யும்' என்று மட்டும் ஒரு கருவிக்கு விளக்கம் இருக்கிறது. இரண்டு முறை பதிவான பெயர்களை நீக்குமா, எல்லாப் பெயர்களையும் துடைத்துவிடுமா? 'காட்டைச் சுத்தம் பண்ணு' என்று தோட்டத்துப் புது ஆளிடம் சொன்னால், மண்ணைக் காக்க நட்ட கொடிப்பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவான். அவன் மேல் குற்றம் சொல்ல முடியுமா? மண்டோரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று வேண்டுமானால் சொல்லலாம். முகவரோ கேட்காமலே வேலையை முடித்துவிடக்கூடும்.

அதே விளக்கத்தை இப்படி எழுதியிருந்தால்? 'இந்த ஆண்டின் மாணவர் பதிவுகள் அனைத்தையும் நிரந்தரமாக அழிக்கும். மீட்க முடியாது. முதலில் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்று பார்க்கவும். தலைமையாசிரியரின் அனுமதி இல்லாமல் இயக்கக் கூடாது. இரட்டைப் பெயர்களை நீக்க வேறு கருவி உண்டு.' கடைசி வாக்கியம்தான் நமக்கு மிகவும் பிடித்தது. கூடாது என்பதோடு நிற்காமல், எது கூடும் என்றும் அது காட்டுகிறது.

கருவிகளை முகவர்களோடு இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் 'மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொதுநெறியை வெளியிட்டது. மறு ஆண்டு அதில் 'இது படிக்க மட்டும்', 'இது அழிக்கக்கூடியது' என்று கருவிகளுக்குக் குறியிடும் வசதி சேர்ந்தது. எந்தக் குறியும் இல்லாவிட்டால் அக்கருவி அழிக்கக்கூடியது என்றே கொள்ள வேண்டும் என்பது விதி. சீட்டு இல்லாத போத்தலை விஷம் என்று ஒதுக்கி வைப்பது போலத்தான். அறியாத இடத்திலிருந்து வந்த குறியை அப்படியே நம்பக் கூடாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

சீட்டு மட்டும் போதுமா? 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் முகவர், ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவரின் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விவரங்கள் இருந்தன. எதையும் மாற்றாதே என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அழித்த பின் மீட்க முடியாது என்றும் முகவர் சொல்லிற்று. ஆனால் மீட்க முடிந்தது! மீட்கும் வழி உண்டா என்பதையும் கருவியின் விளக்கத்திலேயே எழுத வேண்டும் என்று நாம் சொல்வது இதற்காகத்தான். எழுதினாலும், எழுத்தை மீறும் நாள் ஒன்று வரலாம். நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். சோதனைக்கு ஒரு தரவுத்தளம், உண்மைப் பயன்பாட்டுக்கு ஒரு தரவுத்தளம் என்று பிரித்து வைக்கும் ஏற்பாடும் வந்தது.

தோட்டத்து ஸ்டோரில் சீட்டும் இருக்கும், கதவில் பூட்டும் இருக்கும். அதுபோல, எவையெல்லாம் அழியப்போகின்றன என்ற பட்டியலை முதலில் காட்டிவிட்டு, ஒரு மனிதர் சரி சொன்ன பிறகே இயங்கும்படி கருவியை அமைக்கலாம். அப்போது சாவி முகவரிடம் இராது, கிராணியிடம் இருக்கும்.