நொபிலி என்னும் குடும்பப் பெயர்

தமிழகத்தில் ஒருவருடைய பெயருக்கு முன் நிற்கும் எழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரையோ ஊரின் பெயரையோ குறிப்பதால், பாட்டனுக்கும் பேரனுக்கும் பொதுவான பெயர்ப்பகுதி என்று ஒன்று இல்லாமலேயே பல குடும்பங்கள் தழைத்து வந்துள்ளன. பள்ளிகொண்டாவை நடுவில் கொண்டு வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் மட்டும் இதற்குச் சற்று மாறான வழக்கு ஒன்று உண்டு. இங்குள்ள பழைய முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு குடும்பப் பட்டம் ஆண்களின் பெயருக்கு முன்னால் தலைமுறை தோறும் தொடர்ந்து வருகிறது. ஆம்பூருக்கு அருகே 1924இல் ஜாமியா தாருஸ்ஸலாம் என்ற கல்வி நிலையத்தை நிறுவி, உமராபாத் என்ற ஊருக்கே தம் பெயரைத் தந்த காக்கா ஹாஜி முகமது உமர் அதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. இத்தாலியில் இவ்வழக்கம் சமூகம் முழுவதற்கும் உரியது. அங்கே குடும்பப் பெயர் தந்தையிடமிருந்து மக்களுக்கு மாறாமல் இறங்குகிறது. ஆகவே நூற்றாண்டுகளால் பிரிக்கப்பட்டு, ஒருவரையொருவர் கேள்விப்பட்டும் இராத பலர் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றனர்.

இத்தாலியக் குடும்பப் பெயர்கள் இடைக்காலத்தின் பிற்பகுதியில் படிப்படியாக உருவாகி, 1545 முதல் 1563 வரை கூடிய திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு, ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குக் கோவில்கள் ஏட்டில் பதியத் தொடங்கியபோது நிலைபெற்றன. அவற்றுள் சில மூதாதையின் தொழிலைக் காட்டுகின்றன: உலகெங்கும் மகிழுந்தின் பெயராக அறியப்படும் பெர்ராரி கொல்லர் வழியினரையும், கால்ஸொலாரி காலணி தைப்போர் வழியினரையும் குறித்து எழுந்தவை. வேறு சில பெயர்கள் ஊரையும், வேறு சில உடல் நிறத்தையோ முடியின் சாயலையோ வைத்து அமைந்தன. நொபிலி என்பது உயர்குடியினர் என்ற பொருளில் வழங்கிய பெயர். எனினும் அப்பெயரைத் தாங்கிய எல்லாரும் உயர்குடியினர் அல்லர். எல்லாரும் ஒரே மரத்தின் கிளைகளும் அல்லர்.

இப்பெயரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் இராபர்ட் தெ நொபிலி. 1577இல் பிறந்த இவருடைய குடும்பம் தொஸ்கானா நாட்டு மொந்தேபுல்ச்சானோ என்ற மலையூரைச் சேர்ந்தது. தந்தை போப்பின் படையில் தளபதியாக இருந்தவர். 1550 முதல் 1555 வரை போப்பாக இருந்த மூன்றாம் ஜூலியஸ் இக்குடும்பத்துக்கு உறவினர். அவருடைய ஆட்சியில் அதே பெயருடைய இன்னொரு இராபர்ட் தெ நொபிலி பன்னிரண்டாம் வயதிலேயே கர்தினால் பதவிக்கு உயர்த்தப்பட்டு, 1559இல் இளைஞராகவே இறந்தார். கர்தினால் என்பவர் போப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுடைய திருச்சபைத் தலைவர்களுள் ஒருவர் என்பதை நினைத்தால், சிறுவனுக்கு அப்பதவி கிடைத்தது குடும்பப் பெயரின் வலிமையாலன்றி வேறு எதனாலும் அன்று என்பது விளங்கும். பின்னால் பிறந்த இராபர்ட்டுக்கும் அத்தகைய வழி திறந்தே இருந்தது. அவர் குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறி நேப்பிள்ஸ் நகரில் இயேசு சபையில் சேர்ந்தார். 1604இல் லிஸ்பனில் கப்பலேறி, 1605 மே மாதம் கோவாவை அடைந்தார். கொச்சியிலும் முத்துக்குளித்துறையிலும் சிறிது காலம் தங்கியபின், 1606ஆம் ஆண்டின் இறுதியில் நாயக்கர் தலைநகரான மதுரைக்கு வந்து சேர்ந்தார்.

மதுரையில் அவருக்கு முன்பே, 1595 முதல், கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கேயத் துறவி பணிபுரிந்து வந்தார். அங்கே குடியேறிய பரதவக் கிறித்தவர்களைப் பேணியதோடு ஒரு பள்ளியையும் மருந்தகத்தையும் நடத்திய அவரிடம், ஊர்மக்களில் கிறித்தவராக வந்து சேர்ந்தோர் இல்லை. போர்த்துக்கேயரையும் அவரைச் சார்ந்தவரையும் அக்காலத் தமிழர் பறங்கி என்றே அழைத்தனர். மாட்டிறைச்சி உண்பதும், மது அருந்துவதும், தோலால் ஆன காலணி அணிவதும், எல்லாச் சாதியாரோடும் கலப்பதும் பறங்கியின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. மதம் மாறுவது பறங்கியாக மாறுவதே என்று மதுரையின் மேல்தட்டு மக்கள் எண்ணினர் என்பதை நொபிலி விரைவில் உணர்ந்தார்.

அவர் எடுத்த முடிவு இந்தியாவுக்கு வந்த அக்கால ஐரோப்பியர் பெரும்பாலோர் எடுத்திராதது. பெர்னாண்டஸோடு உண்பதையும் உறைவதையும் விட்டு, தனி வீட்டில் குடியேறி, காவியுடை உடுத்து, நாளுக்கு ஒருவேளை மரக்கறி உணவை மட்டும் உண்டு, பிராமணச் சமையற்காரரை அமர்த்திக்கொண்டு, தோற்காலணியைக் களைந்து மரப்பாதக்குறடு பூண்டு, துறவியாக வாழத் தொடங்கினார். தாம் பறங்கியர் நாட்டில் பிறந்தவர் அல்லர் என்றும், உரோமாபுரியில் அரச வழியில் வந்தவர் என்றும் ஓலையில் எழுதித் தம் வீட்டு வாயிலில் வைத்தார். அவருக்குத் தத்துவ போதகர் என்ற பெயரே மக்கள் வழக்கில் நின்றது. இதை எண்ணிப் பார்த்தால், குடும்பப் பெயரை உதறிவிட்டு வந்த ஒருவர், அப்பெயருக்குப் பின்னால் இருந்த குடிப்பிறப்பை மட்டும் உதறாமல், அதையே மதுரைச் சாதி அடுக்கில் தமக்குரிய இடமாக மாற்றிக்கொண்டார் என்பது தெளிவாகும். இதுவே அவருடைய முறையின் ஆற்றல். அதன் தீங்கும் இங்கேயே பிறந்தது.

ஆற்றலை முதலில் கூற வேண்டும். சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணரிடம் அவர் சமஸ்கிருதம் பயின்றார். அயலாருக்கு வேதம் கற்பிப்பது ஆசிரியருக்கு ஆபத்தான செயலாக இருந்ததால் அந்தப் பயிற்சி மறைவாகவே நடந்தது. அம்மொழியில் ஆழ்ந்த புலமை பெற்ற முதல் ஐரோப்பியர்களுள் ஒருவராக அவர் எண்ணப்படுகிறார். தமிழில் ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம், புனர்ஜென்ம ஆட்சேபம் முதலிய உரைநடை நூல்களை எழுதினார். புலவர் உலகம் செய்யுளையே உயர்வாகக் கொண்டிருந்த காலத்தில், எதிர்த்தரப்பின் கருத்தை எடுத்துக் கூறி, காரணம் காட்டி மறுத்து, தம் முடிவை நிறுவும் நீண்ட தருக்க உரைநடையை அவர் தமிழில் எழுதியது, மதக் கருத்தில் அவரோடு உடன்படாதவர்களும் மதிக்க வேண்டிய செயலாகும். மறுபிறவிக் கொள்கையை மறுப்பதற்காகவே தனி நூல் எழுதிய அவர், அதற்காக அக்கொள்கையை முறையாகப் படித்தார் என்பதையும் மறக்கலாகாது. இறைவனைச் சர்வேசுரன் என்றும் வழிபாட்டைப் பூசை என்றும் வழங்கிய அவருடைய நடை, வடசொல் மிகுந்ததாயினும், பல தலைமுறைகளுக்குத் தமிழ்க் கத்தோலிக்கரின் வழிபாட்டு மொழியில் ஊன்றி நின்றது.

பெர்னாண்டஸ் இம்முறையை ஏற்கவில்லை. நொபிலி கிறித்தவத்தையே மறைக்கிறார் என்று 1610இல் அவர் மேலிடத்துக்கு முறையிட்டார். குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியவை சமயச் சின்னங்களா, அல்லது ஒரு குலத்தின் பழக்கங்கள் மட்டுமா என்பதே வழக்கின் மையக் கேள்வி. இவை குலப் பழக்கங்களே என்று நொபிலி சமஸ்கிருத நூல்களிலிருந்து மேற்கோள் காட்டி வாதாடினார். 1619இல் கோவாவில் கூடிய மாநாட்டில் அவரை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் மோதினர். இறுதியில் 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாத அளவில் இப்பழக்கங்களைப் புதிய கிறித்தவர்கள் தொடரலாம் என்று ஆணை பிறப்பித்தார். அதன்பின் நொபிலி சேந்தமங்கலம், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களுக்குச் சென்று பணியாற்றினார்; 1640இல் மதுரையில் சிறையிலும் அடைக்கப்பட்டார்.

தீங்கு இதற்கு அடுத்தபடியாகத் தெரிகிறது. பிராமணத் துறவிபோல் வாழ்ந்தவர், தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியாத நிலை ஏற்பட்டது. அதற்கு மாற்றாக, 1640ஆம் ஆண்டை ஒட்டிப் பண்டாரசாமிகள் என்ற வேறொரு வகைத் துறவியர் ஏற்படுத்தப்பட்டனர்; சைவ மடங்களின் பண்டாரங்களைப் போல உடுத்திய இவர்கள் பிராமணரல்லாத எல்லாச் சாதியினரிடமும் சென்று வரலாம். ஏழை மக்கள் பெருந்தொகையினராகத் திருச்சபைக்குள் வந்தது இவர்களின் உழைப்பாலேதான். ஆனால், ஒரே மதத்தின் குருமார்களே ஒருவரையொருவர் பொது இடத்தில் தவிர்த்து நடந்த இந்த ஏற்பாடு, சாதி வேற்றுமை கோவிலுக்குள்ளும் நுழையலாம் என்ற ஒப்புதலைத் தந்துவிட்டது. தோலைப் பதனிடும் உழைப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்ட மக்களின் தோளில் ஏற்றி, அந்த உழைப்பையே இழிவாகவும் பேசிய ஒரு சமூகத்தில், தோற்காலணியைக் களைவது தூய்மையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டதன் பொருளை, பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் தோல் தொழிற்கூடங்களில் வேலை செய்வோரின் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையில்லை. நொபிலி சாதியை உருவாக்கியவர் அல்லர். அதைத் தம் பயணத்துக்குப் பாதையாகக் கொண்டவர். அவருடைய அறிவின் பெருமையைப் போற்றும் நூல்கள் இதையும் அதே அழுத்தத்தோடு கூற வேண்டும்.

மதுரை முயற்சி தொடங்கிய அதே ஆண்டுகளில் வேலூரிலும் இத்தாலியர் இருந்தனர் என்பது பலர் அறியாத செய்தி. தாலிக்கோட்டைப் போருக்குப் பின் சுருங்கிய விஜயநகர அரசின் மன்னர் இரண்டாம் வேங்கடபதி ராயர் 1614இல் இறக்கும் வரை சந்திரகிரியிலும் வேலூரிலும் அரசோச்சியபோது, 1598 முதல் இயேசு சபையினர் அவருடைய அவைக்கு வந்து சென்றனர். அவர்களுள் கணிதத்தில் தேர்ந்த அந்தோனியோ ரூபினோவும், ஓவியரான பர்த்தலோமேயோ போன்டபோனாவும் இத்தாலியர். ரூபினோ பின்னாளில் ஜப்பான் சென்று 1643இல் நாகசாகியில் சித்திரவதைக்கு உள்ளாகி உயிர்நீத்தார். நொபிலியைப் போல மண்ணின் மொழியில் நூல்கள் எழுதி வேரூன்றாததால், இவர்களுடைய நினைவு வேலூரில் மிஞ்சவில்லை.

நொபிலி முதுமையில் பார்வை மங்கிய நிலையில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டு, பின் மயிலாப்பூருக்கு வந்து, 1656 ஜனவரி 16 அன்று அங்கே காலமானார்.

அப்பெயரைத் தாங்கிய ஏனையோருள் வாழ்க்கைத் திசையில் அவரை நெருங்கி வருபவர் ஜொவான்னி நொபிலி. 1812இல் உரோமாபுரியில் பிறந்து இயேசு சபையில் சேர்ந்த இவர், 1844இல் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அடைந்து, இன்றைய கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பகுதியில் பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். தங்க வேட்டையால் கலிபோர்னியாவில் மக்கள் குவிந்த காலத்தில் அங்கே சென்று, 1851இல் சான்டா கிளாரா கல்லூரியை நிறுவினார். அது இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. 1856இல், கட்டட வேலை நடந்த இடத்தில் ஆணியை மிதித்ததால் உண்டான இசிவு நோயால் இறந்தார்.

லியோபோல்தோ நொபிலி மதத்தோடு தொடர்பற்றவர். 1784இல் பிறந்து, நெப்போலியனின் படையில் பீரங்கிப் பிரிவு அதிகாரியாக இருந்து உருசியப் படையெடுப்பிலும் பங்கேற்ற இவர், பின்னர் இயற்பியலாளராகி, மிகச் சிறிய மின்னோட்டத்தையும் அளக்கும் கால்வனாமீட்டர் கருவியை 1825இல் செம்மைப்படுத்தினார். அதற்கு முந்தைய கருவிகளில் காந்த ஊசியைப் பூமியின் காந்தப் புலமும் இழுத்ததால் அளவு பிழைபட்டது. ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இரு ஊசிகளை ஒரே தண்டில் இணைத்து, பூமியின் இழுப்பு தானே நீங்கும்படி இவர் அமைத்தார். மெல்லோனி என்ற அறிஞரோடு சேர்ந்து இரு வகை உலோகத் துண்டுகளை மாற்றி மாற்றி இணைத்து இவர் செய்த வெப்பம் அறியும் கருவி, சில மீட்டர் தொலைவில் நிற்கும் மனிதரின் உடல் வெப்பத்தையும் காட்டியது. இருபதாம் நூற்றாண்டில் லீலா தெ நொபிலி (1916–2002) மேடை அலங்கார ஓவியராகப் புகழ்பெற்றார். மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் 1955இல் மரியா காலஸ் பாடி நடித்த இசை நாடகத்துக்குக் காட்சியும் உடையும் வகுத்தவர் அவரே.

துறவி, கல்லூரி நிறுவியவர், இயற்பியலாளர், ஓவியர் என்ற இந்நால்வரைப் பெயர் ஒன்று சேர்க்கிறது, வேறெதுவும் சேர்க்கவில்லை. வேலூர் மக்களுக்கு மிகவும் பழக்கமான அயல்நாட்டுக் குடும்பப் பெயரான ஸ்கட்டர் இதற்கு நேர்மாறானது. 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்திலும் பின்னர் சென்னையிலும் மருத்துவம் செய்த ஜான் ஸ்கட்டரின் மகன்களும் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களுமாக, நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இப்பணியில் ஈடுபட்டனர். ஆற்காடு மிஷன் 1853இல் அவர் மகன்களாலேயே தொடங்கியது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கட்டர், 1900இல் வேலூரில் ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனையும், 1918இல் பெண்களுக்கென நிறுவிய மருத்துவப் பள்ளியும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தன. ஸ்கட்டர் குடும்பத்தில் பெயரோடு வீடும், வளர்ப்பும், பணியும் சேர்ந்தே கைமாறின.

நொபிலி என்ற பெயர் தமிழ்நாட்டில் பிள்ளைகள் வழியாகத் தொடர வாய்ப்பில்லை. துறவியின் பெயர் நூல்கள் வழியாகவும் நிறுவனங்கள் வழியாகவுமே தொடர்ந்தது. அவருடைய தமிழ் நூல்கள் பலவும் நீண்ட காலம் கையெழுத்துப் படிகளில் அடைபட்டுக் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் இயேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் அவற்றைத் தேடி, ஒப்புநோக்கி, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியாகப் பதிப்பித்தார். இன்று புனேயில் குருமாணவர் கல்லூரி ஒன்றும், ஜார்க்கண்டின் தன்பாது நிலக்கரி வட்டாரத்தில் பள்ளிகளும், ஆஸ்திரியாவின் வியன்னாவில் இந்தியத் தத்துவ நூல்களை ஆராய்ந்து வெளியிடும் நூலகம் ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன. மதுரையில் அவர் எதிர்த்து வாதாடிய தத்துவங்களையே அந்த வியன்னா நூலகத்தின் வெளியீடுகள் ஆராய்கின்றன.