உஷார்! பொருள் உங்களிடம்தான் இருக்கும், பணம் போய்விடும்

பழைய கட்டிலையோ, ஃபிரிட்ஜையோ, பிள்ளை ஓட்டி முடித்த ஆக்டிவாவையோ விற்க இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். “வாங்குகிறவர்தான் ஏமாறுவார், பொருள் என் வீட்டில் இருக்கும்போது எனக்கென்ன நஷ்டம்?” என்ற தைரியத்தில் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இடங்களில் திரியும் கும்பல் தேடுவதே அந்தத் தைரியசாலிகளைத்தான்.

விளம்பரம் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே போன் வரும். 12,000 ரூபாய் என்று போட்டிருந்தால் 12,000-க்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்வான். காது இங்கேயே கூர்மையாக வேண்டும். பழைய சாமானுக்குப் பேரம் பேசாத ஆளை நம்மூரில் எங்கே பார்த்திருக்கிறீர்கள்? “ஆர்மியில இருக்கேன் சார், உங்க ஊருக்கு டிரான்ஸ்ஃபர். சாமானை எடுக்க ஆள் வரும், பணத்தை இப்பவே போட்டுடறேன்” என்பான். கேட்காமலேயே வாட்ஸ்அப்பில் சீருடைப் படம், கேன்டீன் கார்டு, ஆதார் எல்லாம் வந்து விழும். அவை போலியாக இருக்கும். இல்லையென்றால் யாரோ ஒரு வீரரிடமிருந்து களவு போனவையாக இருக்கும். சீருடைக்கு நாம் கொடுக்கும் மரியாதைதான் அவன் போடும் முதல் முதலீடு.

அடுத்து ஒரு க்யூ.ஆர். கோடு வரும். “ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் உங்க கணக்குல ஏறிடும்.” நீங்கள் தயங்கினால், “அஞ்சு ரூபாய்க்கு டெஸ்ட் பண்ணிப் பாருங்க” என்பான். ஐந்து ரூபாய் போகும், உடனே பத்து ரூபாய் நிஜமாகவே வந்து சேரும். நம்பிக்கை வந்துவிடும். அடுத்த கோடு 12,000-க்கு. ஸ்கேன் செய்வீர்கள், பின் போடுவீர்கள், பணம் போய்விடும். “அய்யோ சார், தப்பா கட் ஆயிடுச்சு. இன்னொரு தடவை போடுங்க, ரெண்டையும் சேர்த்துத் திருப்பிடறேன்” என்பான். பதற்றத்தில் இரண்டாவது முறையும் போட்டவர்கள் ஏராளம். 2021 பிப்ரவரியில் அன்றைய டெல்லி முதல்வரின் மகள் பழைய சோபா ஒன்றை விற்கப் போய் இப்படித்தான் இரண்டு தவணையில் 34,000 ரூபாயை இழந்தார்.

படித்தவர்கள் எப்படி இதில் விழுகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். யூ.பி.ஐ. 2016-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம் என்பது நமக்கெல்லாம் தெரியும். பணம் அனுப்பப் போகிறீர்கள் என்று திரையிலேயே எழுதியும் இருக்கும். ஆனால் அதைப் படிக்க அவன் விடமாட்டான். போனை வைக்காமல், மூச்சு விடாமல், “பண்ணிட்டீங்களா? அடுத்து அதை அமுக்குங்க” என்று பேசிக்கொண்டே இருப்பான். அவன் தொழிலே அந்தப் பேச்சுதான். ஆகவே, பணம் சம்பந்தமாகத் திரையில் எதையாவது தொடப்போகிறீர்கள் என்றால் முதலில் அழைப்பைத் துண்டியுங்கள். நிஜமாக வாங்க வந்தவர் என்றால் திரும்பக் கூப்பிடுவார்.

தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட் ரிக்வெஸ்ட்’ வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் ஆபத்து முடிந்தது என்று எண்ண வேண்டாம். வணிகர்களுக்கு அந்த வசதி தொடர்கிறது, க்யூ.ஆர். கோடும் அப்படியே இருக்கிறது. “எங்க ஆர்மி மெர்ச்சன்ட் அக்கவுன்ட்” என்று அவன் பேச்சை மாற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? நேரில் வருகிறவனிடமும் ஜாக்கிரதை. பணம் அனுப்பிவிட்டதாகப் பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் உலவுகின்றன. அவன் திரையைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு வந்த எஸ்.எம்.எஸ்.ஸையும் நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே பொருள் வாசலைத் தாண்டட்டும்.

கார், பைக் விற்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வலை ஒன்று இருக்கிறது. அதில் க்யூ.ஆர். கோடு கிடையாது, பின் எண் கிடையாது, ஏமாற்றுபவனும் எதிரே வரமாட்டான்.

மதுரையில் உங்கள் காரை 4 லட்சத்துக்கு விளம்பரம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். ஒருவன் கூப்பிட்டு, “நான் எடுத்துக்கறேன், விளம்பரத்தைத் தூக்கிடுங்க” என்பான். நீங்கள் தூக்கியதும் அதே படங்களைப் போட்டு, 3 லட்சம் என்று தன் பெயரில் விளம்பரம் ஏற்றுவான். திண்டுக்கல்காரர் ஒருவர் விலையைப் பார்த்து ஆசைப்பட்டு அவனை அழைப்பார். அவரிடம், “வண்டி என் மச்சான்கிட்ட நிக்குது. எனக்குத் தர வேண்டிய கடனுக்காகக் கொடுக்கறார். போய்ப் பாருங்க, விலையைப் பத்தி மட்டும் அவர்கிட்ட வாயைத் திறக்காதீங்க, மனசு கஷ்டப்படுவார்” என்பான். உங்களிடம், “என் ஆள் வந்து பார்ப்பார், எனக்கும் அவருக்கும் வேற கணக்கு இருக்கு, விலையைச் சொல்லிடாதீங்க” என்பான்.

வந்தவர் வண்டியை ஓட்டிப் பார்ப்பார். ஆர்.சி. அசல், சேசிஸ் எண் பொருந்தும், நீங்களும் மரியாதையான ஆள். அவருக்குச் சந்தேகம் வர ஒரு காரணமும் இல்லை. உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே அவன் கொடுத்த கணக்குக்கு 3 லட்சத்தை அனுப்பிவிட்டுச் சாவிக்குக் கை நீட்டுவார். நீங்கள் “எனக்கு எதுவும் வரலையே” என்பீர்கள். அதற்குள் அவன் போன் அணைந்திருக்கும். இனி அந்த வாசலில் நேர்மையான இரண்டு பேர் ஒருவரையொருவர் திருடன் என்று திட்டிக்கொள்வார்கள். விஷயம் காவல் நிலையம் போனால் உங்களையும் கூட்டாளியாகச் சந்தேகிப்பார்கள்.

இந்த மொத்த ஏற்பாட்டையும் ஒரு கேள்வி உடைத்துவிடும். வண்டி பார்க்க வந்தவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, “அண்ணே, உங்ககிட்ட எவ்வளவு சொன்னாங்க?” என்று கேளுங்கள். விலையைப் பேசாதே என்று ஒருவன் சொன்னால் முதலில் பேச வேண்டியது விலையைத்தான். வாங்குகிறவரும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்குக்கு மட்டும் பணம் போட்டால் இந்த வலையில் சிக்க வழியே இல்லை.

பணம் கைக்கு வந்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. செல்போனையோ நகையையோ வாங்கியவன் ஒருத்தன், பணம் வந்தது வேறு யாரோ ஒருவர் பெயரிலிருந்து என்றால் கவனியுங்கள். அது எங்கோ ஏமாந்த இன்னொருவரின் பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்ததும், பணம் போன தடத்தைப் பிடித்து வந்து உங்கள் கணக்கை முடக்குவார்கள். அந்த வேளையில் உங்களைக் காப்பாற்றுவது விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், வாங்கியவர் கையெழுத்திட்ட ரசீது ஆகியவைதான். விற்று முடிந்ததும் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். வண்டியாக இருந்தால் பெயர் மாற்றத்தை வாங்கியவர் தலையில் கட்டிவிட்டுத் தூங்காதீர்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எவனோ ஏற்படுத்தும் விபத்துக்கு இழப்பீடு கட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். படிவம் 29, 30 இரண்டையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேர்த்தாயிற்றா என்று நீங்களே பாருங்கள்.

வாங்குகிறவர்களுக்குச் சுருக்கமாக: ஏர்போர்ட் பார்க்கிங்கில் நிற்கும் ராணுவ வீரரின் புல்லட், பாதி விலை, ஆர்மி பார்சலில் வீட்டுக்கே வரும், கேட் பாஸுக்கு மட்டும் முன்பணம் என்றால் அப்படி ஒரு வண்டியே இல்லை.

பணம் போய்விட்டதா? வீட்டில் திட்டுவார்களே என்று ராத்திரி முழுக்க யோசிக்காதீர்கள். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். வங்கியின் பெயர், தொகை, நேரம், பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவி ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுவதற்குள் புகார் போனால்தான் நிறுத்திவைக்க முடியும். மத்திய உள்துறையின் சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம். வங்கி ஈடுகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பின் எண்ணைப் போட்டது நீங்கள் என்பதால், தகவல் சொல்லும் வரை போன தொகை உங்கள் நஷ்டம்தான் என்றுதான் வங்கி பெரும்பாலும் வாதிடும். ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதியும், வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால் அதற்கு இடம் கொடுத்தது.

புகார் கொடுத்த சில நாளில் இன்னொரு அழைப்பு வரலாம். “சைபர் செல்லிலிருந்து பேசறோம், உங்க பணம் கிடைச்சிடுச்சு, ரீஃபண்டுக்கு இந்தக் கோடை ஸ்கேன் பண்ணுங்க” என்பார்கள். கூகுளில் தேடி எடுத்த கஸ்டமர் கேர் எண்ணிலும் இதே குரல் பேசக்கூடும். உங்கள் போனைத் தூரத்திலிருந்தே இயக்க வழிவிடும் எனிடெஸ்க் போன்ற ஆப்பை இறக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் வைத்துவிடுங்கள். ஒருமுறை ஏமாந்தவரின் எண்ணுக்கு மோசடிக்காரர்களின் சந்தையில் விலை அதிகம்.