‘சீஸ்’ என்றொரு வினைச்சொல்: ஆங்கிலத்தில் ஒன்று, ருஷ்ய மொழியில் பல

ஆங்கிலத்தில் ‘சீஸ்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. ரொட்டியில் தடவுகிற பாலாடைக்கட்டி அல்ல. பலவந்தமாக எடுத்துக்கொள்வதைக் குறிக்கும் சொல். “போலீஸ் வண்டியை சீஸ் பண்ணிட்டாங்க”, “எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு” என்று நாமும் தமிழோடு சேர்த்தே பேசுகிறோம். ஆனால் இந்தச் சொல்லை ருஷ்ய மொழிக்குக் கொண்டுபோகும்போது மூன்று கேள்விகள் குறுக்கே வந்து நிற்கும். எடுத்தது யார்? எந்த உரிமையில்? எடுத்தது திரும்பக் கிடைக்குமா? விடை தெரியாமல் மொழிபெயர்ப்பாளன் பேனாவைத் தொட முடியாது. முதலில் பிலாயிலும் பிறகு தில்லியிலுமாக இவ்விரு மொழிகளுக்கு நடுவே பிழைப்பு நடத்தியவன் என்ற முறையில், நான் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சொல்லின் பிறப்பு

இன்று முரட்டுத்தனமாக ஒலிக்கும் இந்தச் சொல், பிறக்கும்போது சட்டச்சொல். பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. நிலத்தை ஒருவர் கைவசம் முறைப்படி ஒப்படைப்பதும் அதன் பொருள்களில் ஒன்று. ஆங்கில நிலச்சட்டத்தில் இன்னாருக்கு நிலம் ‘சீசின்’ ஆயிற்று என்றால், அது அவர் அனுபோகத்தில் முறையாக இருக்கிறது என்றே அர்த்தம். கொடுப்பதற்கு இருந்த சொல் பிடுங்குவதற்கும் ஆயிற்று. உரிமையும் பலாத்காரமும் இன்றும் அதற்குள் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கின்றன.

ஒரு வேர், பல கிளைகள்

ருஷ்ய மொழியில் ‘க்வத்’ என்ற வேருக்கு, கையால் இறுகப் பிடித்தல் என்று பொருள். முன்னால் ஒரு சிறு ஒட்டு சேர்ந்தால் பொருள் மாறும். ‘ஸாக்வதீத்’ என்றால் ஆக்கிரமித்துத் தன்வசமாக்கிக்கொள்ளுதல். ‘ஸ்க்வதீத்’ என்றால் சட்டென்று எட்டிப் பிடித்தல். ‘ஓக்வதீத்’ என்றால் நாலாபுறமும் சூழ்ந்து பிடித்தல். பயம் ஒருவரைக் கவ்வியது என்பதற்கு இதுதான் வரும். வாய்ப்பை விடாமல் பற்றிக்கொள்வதற்கு ‘உக்வதீத்ஸா’. வேடிக்கை என்னவென்றால், வீட்டிலிருந்து கிளம்பும்போது “குடையையும் எடுத்துக்கோ” என்று சொல்வதற்கும் அதே ‘ஸாக்வதீத்’ வரும்! நாட்டைப் பிடிப்பதும் குடையை எடுப்பதும் ஒரே வினை.

இன்னொரு அதிசயமும் உண்டு. “போதும்!” என்பதற்கு ருஷ்யர்கள் ‘க்வாதித்’ என்கிறார்கள். போதவில்லை என்றால் ‘நி க்வதாயெத்’, அதாவது பிடிக்கவில்லை, எட்டவில்லை. இப்போது நம் தமிழைப் பாருங்கள். பற்று என்றால் பிடி. கைப்பற்று என்றால் பிடித்து வசமாக்கு. மாசக் கடைசியில் நாம் “பணம் பத்தாது” என்கிறோமே, அது ‘பற்றாது’தான். பற்றாக்குறையும் அந்த வழிதான். பிடித்தலையும் போதுமானதையும் ஒரே வேரில் முடிந்து வைத்திருப்பதில், ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒன்றுபோல் யோசித்திருக்கின்றன.

சட்டத்தில் வரும் வேறுபாடு

மிகவும் கவனம் தேவைப்படும் இடம் இது. 1990களில் துணிமணி, தோல் சட்டைகள் வாங்கிப் போக ருஷ்யாவிலிருந்து சிறு வியாபாரிகள் தில்லிக்கு நிறைய வந்தார்கள். அப்படி வந்த ஒருவரின் மூட்டைகளை அதிகாரிகள் பிடித்து வைத்து, ஆங்கிலத்தில் பஞ்சநாமா எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை ருஷ்ய மொழியில் எழுதித்தரச் சொல்லி என்னிடம் வந்தார். கூட இருந்த தரகர், “‘கன்ஃபிஸ்கவாத்’னு போட்டுடுங்க சார், எல்லாம் ஒண்ணுதானே” என்றார். ஒன்றல்ல என்று நான் மறுத்தேன்.

அந்தச் சொல் விழுந்தால், பொருள் அரசாங்கத்துக்கே போய்விட்டது என்று அந்த மனிதர் புரிந்துகொள்வார். கைமுதல் முழுவதையும் அந்த மூட்டைகளில் போட்டிருந்தவர் அவர். நம் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் 110ஆம் பிரிவு சொல்வது பிடித்து வைத்தல் மட்டுமே. சாதாரணமாக ஆறு மாதத்துக்குள் (காரணம் காட்டி மேலும் ஆறு மாதம் நீட்டலாம்) விளக்கம் கேட்டு நோட்டீஸ் தராவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். உரிமையே பறிபோவது அதற்குப் பிந்திய கட்டம். ஆகவே நான் எழுதியது ‘இஸ்யாத்’, அதாவது கைவசத்திலிருந்து எடுத்தல். படித்துவிட்டு, “அப்படியானால் கேட்டு வாங்கலாமா?” என்றார் அவர். அந்தக் கேள்வி எழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சொல்.

சொத்தை விற்கவோ மாற்றவோ கூடாது என்று முடக்கி வைத்தால், அதற்கு ருஷ்ய மொழியில் ‘அரேஸ்த்’. மனிதர்களுக்கு வரும் அதே ‘அரெஸ்ட்’தான், சொத்துக்கும் வரும்! நாம் ஜப்தி என்போம். தமிழ்ப் பத்திரிகைகளோ பிடித்து வைத்தலுக்கும் உரிமை பறித்தலுக்கும் ‘பறிமுதல்’ என்ற ஒன்றையே போட்டுவிடுகின்றன. பறிகொடுத்தவர் அதைப் படித்துவிட்டு நம்பிக்கையிழந்து வீட்டில் உட்கார்ந்துவிடுவார்.

எந்திரமும் உடம்பும்

பிலாய் உருக்காலை சோவியத் உதவியோடு எழுந்தது. 1955இல் ஒப்பந்தம், 1959இல் முதல் ஊது உலை. அங்கே பேரிங் இறுகி நின்றுவிட்டால் ருஷ்ய எஞ்சினியர்கள் ‘ஸாக்ளீனிலோ’ என்பார்கள். ‘க்ளின்’ என்றால் ஆப்பு. ஆப்பு வைத்தாற்போல் இறுகிப் போயிற்று என்று பொருள். இந்த வாக்கியத்தில் எழுவாயே கிடையாது. யார் செய்தது என்ற பேச்சுக்கு இடமில்லை!

உடம்புக்கு வரும் வலிப்புக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்லின் பெயர்ச்சொல்தான். ஆங்கிலத்தில் நோய் மனிதனைப் பிடிக்கிறது. ருஷ்ய ‘ப்ரிபாதக்’ விழுதலிலிருந்து வந்தது. நம் வலிப்பு, இழுத்தல் என்று பொருள்படும் வலித்தலிலிருந்து. ஒரே நோய், ஒருவர் பிடிபடுகிறார், ஒருவர் விழுகிறார், ஒருவர் இழுபடுகிறார்.

பதக்கத்தில் பொறித்த சொல்

சரித்திரத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மை. 1917 செப்டம்பரில் லெனின் எழுதிய ஒரு கடிதத்தின் தலைப்பு, போல்ஷிவிக்குகள் அதிகாரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. அதில் உள்ள சொல் ‘வ்ஸ்யாத்’, சாதாரணமாக எடுத்தல். நடந்ததை வெறுத்தவர்களோ அதை ‘ஸாக்வாத்’, அபகரிப்பு, என்றார்கள். சோவியத் நூல்களில் ஹிட்லரின் படையினர் ‘ஸாக்வாத்சிக்’குகள், ஆனால் பெர்லினைத் தம் படை பிடித்ததற்கு ‘வ்ஸ்யாதியெ’.

1945 ஜூன் 9 அன்று ஏழு பதக்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. புடாபெஸ்ட், கோனிக்ஸ்பெர்க், வியன்னா, பெர்லின் ஆகிய நான்குக்கும் ‘பிடித்ததற்காக’ என்று பொறித்தார்கள். பெல்கிரேடு, வார்சா, ப்ராக் ஆகிய மூன்றுக்கும் ‘விடுவித்ததற்காக’. போரிட்டது ஒரே ராணுவம். பகைவன் ஊரா, நேசநாட்டான் ஊரா என்பதைப் பொறுத்து வினை மாறிவிட்டது. விடுவிக்கப்பட்ட அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் பிற்பாடு அதே சொல்லைச் சொன்னார்களா என்பது வேறு கதை.

நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே செய்தி படிக்கிறார்கள். நிலம், வீடு, படகு, ஊர் என்று எதை ‘சீஸ்’ செய்தார்கள் என்று வந்தாலும், அதைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்தார்களா, முடக்கினார்களா, பறித்தார்களா, மீட்டார்களா? தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்குள், எடுத்தவன் யார், இழந்தவன் யார் என்று அவர்கள் விசாரித்தே ஆக வேண்டும்.